எல்லோருக்கும் தெரிந்த ஊரில் ஒரு கொலை: துப்பறியும் கதை எழுதுவோருக்கு

கொலைகாரனை எப்படி ஒளித்துவைப்பது என்றுதான் துப்பறியும் கதை எழுத வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். பெருநகரத்தில் நடக்கும் கதைக்கு அது சரியான கேள்வி. ஒரு சிறு கிராமத்திலோ, தீவிலோ, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலோ, மடாலயத்திலோ கொலை நடக்கிறது என்றால் அந்தக் கேள்வியோடு எழுத உட்காராதீர்கள். அங்கே கொலைகாரனை ஒளித்துவைக்கும் வேலையை ஊரே பார்த்துக்கொள்ளும். ஊர் அதை எதற்காகச் செய்கிறது, யார் தெரிந்து செய்கிறார்கள், யார் தெரியாமலே செய்கிறார்கள் என்பதை முடிவுசெய்வதுதான் உங்கள் வேலை.

நான் ஓய்வுபெறும்வரை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். சாட்சிகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுவதே என் பிழைப்பு. இப்போது மற்றவர்களின் குற்றக் கதைகளைக் கையெழுத்துப் பிரதியில் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். நெருங்கி வாழ்கிறவர்கள் கொலையைப் பற்றிப் பொய் சொல்வது அரிது என்பது இரண்டு வேலைகளிலும் நான் கண்டது. வேறு எதையோ காப்பாற்றத்தான் அவர்கள் பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்களின் நிழலில் கொலை தானாகவே மறைந்துகொள்கிறது. ஆகவே உங்கள் திட்டத்தாளில் கொலையை எழுதுவதற்கு முன் மௌனங்களை எழுதுங்கள்.

மௌனப் பட்டியல்

ஒரு பெரிய தாளில் கதையின் முக்கிய மனிதர்களை வரிசையாக எழுதுங்கள். எட்டுப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் வாசகர் பெயர்களைக் குழப்பிக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: இவர் யாருக்குக் கடன்பட்டவர், எதைப் பற்றிப் பேச மாட்டார், அந்த வாயை எது திறக்கும். கடன் என்றால் பணம் மட்டுமல்ல. மகனைப் படிக்கவைத்தவர், வெள்ளத்தில் கைகொடுத்தவர், பழைய அவமானம் ஒன்றை இன்றுவரை வெளியே சொல்லாதவர் எல்லோருமே கடன் கொடுத்தவர்கள்தான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு தீவு. கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர் படகுத்துறைக் கிடங்கில் மண்டை உடைந்து கிடக்கிறார். அன்று இரவு வெளியே போகவே இல்லை என்கிறார் செவிலி. உண்மையில் போனார், தன் நோயை ஊருக்குச் சொல்லாத ஒருவருக்கு ஊசி போடப் போனார். படகோட்டி தூங்கிவிட்டேன் என்கிறார். தூங்கவில்லை, சங்கத்தின் டீசலைத் திருடி மறுகரையில் விற்றுவந்தார். தன் மாணவன் வீட்டில் படித்துக்கொண்டிருந்தான் என்று ஆசிரியை உறுதியாகச் சொல்கிறார். அவன் எங்கே, யாருடன் இருந்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கிடங்குக்கு எதிர்வீட்டுக் கிழவி ஒருவரைப் பார்த்தாள். அந்த ஒருவரின் தகப்பன் ஒரு புயலில் அவள் மகனைக் கரைசேர்த்தவன். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

இந்த நால்வரில் யாரும் கொலைகாரர் இல்லை. நால்வரும் பொய் சொல்கிறார்கள் அல்லது மறைக்கிறார்கள். துப்பறிபவர் இந்த நான்கு முடிச்சுகளையும் அவிழ்த்தாக வேண்டும். ஒவ்வொன்றை அவிழ்க்கும்போதும் ஒரு மனிதருக்குக் காயம் படும். உங்கள் நாவலின் நடுப்பகுதி முழுவதும் இதுதான். பலருக்கு நடுப்பகுதி தொய்ந்துபோவதற்குக் காரணம், சந்தேகப்படத்தக்க ஆட்களை வரிசையில் நிறுத்திவைத்துவிட்டு அவர்களுக்கு மறைக்க எதையுமே கொடுக்காமல் விட்டதுதான். முகத்தைச் சுளிப்பதாலும் விறைப்பாகப் பேசுவதாலும் யாரும் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிவிட மாட்டார்.

இப்போது கொலைகாரரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஆலோசனை: எல்லோரிலும் மிகக் குறைவாகப் பொய் சொல்பவராக அவரை வையுங்கள். பத்தில் ஒன்பதை உள்ளபடியே சொல்லட்டும். ஒரே ஒரு நேரத்தையோ, ஒரே ஒரு திசையையோ மட்டும் மாற்றட்டும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற பொய்கள் எல்லாம் இந்த ரகம். முழுக்கதையும் கட்டுகிறவர் மூன்றாவது கேள்வியில் உளறிவிடுவார்.

பட்டியலின் கடைசியில் இன்னொரு வரி எழுதுங்கள். அது ஊருக்கே பொதுவான மௌனம். எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம், எல்லோரும் சேர்ந்து விரட்டிய ஒரு குடும்பம், எல்லோரும் பார்த்தும் தடுக்காத ஓர் அநியாயம் என ஏதோ ஒன்று. தனித்தனி மௌனங்கள் உடைந்தாலும் இது கடைசிவரை உடையாமல் இருக்கலாம்.

அப்படி உடையவே உடையாத மௌனம் நிஜத்தில் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஸ்கிட்மோர் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்த சிற்றூர் அது. கென் ரெக்ஸ் மெக்எல்ராய் என்பவர் பல ஆண்டுகள் அந்த ஊரை மிரட்டி வாழ்ந்தவர். முதிய கடைக்காரர் ஒருவரைச் சுட்ட வழக்கில் தண்டனை பெற்று, ஜாமீனில் வெளியே இருந்தார். 1981 ஜூலை 10 அன்று காலை, ஊரின் முக்கியத் தெருவில், தன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுற்றிலும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் நின்றிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் தவிர வேறு யாரும், சுட்டவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை வரை விசாரித்தும் இன்றுவரை ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. பட்டப்பகல், நடுத்தெரு, எல்லாக் கண்களும் திறந்திருந்தன. இப்படிப்பட்ட ஊருக்குள் உங்கள் துப்பறிபவரை அனுப்பினால் ‘யார் கொன்றது’ என்ற கேள்வி முதல் அத்தியாயத்திலேயே செத்துவிடும். முதலில் யார் பேசப்போகிறார், அதற்கு அவர் என்ன விலை கொடுக்கப்போகிறார் என்பதுதான் கதை.

துப்பறிபவர் உள்ளூரா, வெளியூரா?

வெளியூர்க்காரர் என்றால் எழுதுவது எளிது. அவருக்கு எதுவும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்வார்கள். உள்ளூர்க்காரர் என்றால் அவருக்கே மௌனப் பட்டியலில் ஒரு வரி உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும், அவர் கையில் இருக்கும் அதிகாரம் அந்த ஊரில் எவ்வளவு செல்லும் என்பதைத் தெளிவாக முடிவுசெய்துகொள்ளுங்கள்.

1860 ஜூன் 29 இரவு, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோடு ஹில் மாளிகையில் நடந்த கொலை இதற்கு நல்ல பாடம். நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் படுக்கையிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டான். வேலைக்காரர்கள் பயன்படுத்திய கழிப்பிடத்தில் மறுநாள் பிணமாகக் கிடைத்தான். வீடு உள்ளே பூட்டியிருந்தது. கொன்றவர் வீட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவர். இரண்டு வாரங்கள் கழித்து லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்தார். ஸ்காட்லாந்து யார்டு 1842இல் எட்டுப் பேரோடு தொடங்கிய துப்பறியும் பிரிவின் ஆரம்பகால அதிகாரி அவர். காணாமல்போன ஓர் இரவு உடையைப் பிடித்துக்கொண்டு, சிறுவனுடைய தகப்பனின் முதல் மனைவிக்குப் பிறந்த அக்காள் கான்ஸ்டன்ஸ் கென்ட்தான் குற்றவாளி என்ற முடிவுக்கு வந்தார். அவளுக்கு அப்போது 16 வயது. கைதுசெய்தார். ஆதாரம் போதாமல் அவள் விடுவிக்கப்பட்டாள். கண்ணியமான குடும்பத்துப் பெண்மீது தொழிலாளி வர்க்கத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரன் பழி சுமத்துவதா என்று பத்திரிகைகளும் பொதுமக்களும் கொதித்தார்கள். விச்சரின் பெயர் கெட்டது.

இந்த வழக்கில் எழுத்தாளர்கள் கவனிக்காமல் போகிற ஒரு துணுக்கு எனக்குப் பிடித்தமானது. கொலை தெரியவந்த நாளிலேயே, சமையலறை அடுப்பின் கீழே ரத்தக் கறை படிந்த உள்ளாடை ஒன்றை உள்ளூர்ப் போலீசார் கண்டெடுத்தார்கள். எடுக்க வருகிறவரைப் பிடிக்கலாம் என்று அதை அங்கேயே திருப்பி வைத்தார்கள்; அது காணாமல்போயிற்று. வெட்கத்தால் அதை விச்சரிடம் சொல்லவே இல்லை. மாதங்கள் கழித்துத்தான் செய்தி கசிந்தது. விசாரிக்க வந்தவருக்கு உதவ வேண்டியவர்களே மௌனப் பட்டியலில் இருந்தார்கள்; அவர்கள் கொலையை மறைக்கவில்லை, தங்கள் முட்டாள்தனத்தை மறைத்தார்கள். உங்கள் கதையின் உள்ளூர் ஆய்வாளருக்கும் இப்படி ஒன்றைக் கொடுங்கள். நேர்மையானவராகவே இருக்கட்டும், வெட்கப்படுகிறவராக இருந்தால் போதும்.

வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவரே கொலைகாரர் என்று முடிக்கலாமா என்றும் கேட்பார்கள். நிஜத்தில் நடக்கும். பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்ஃபோக் தீவில் 2002 மார்ச் 31 அன்று ஒரு பெண் கொல்லப்பட்டார். தீவுவாசிகள் எல்லோரிடமும் போலீசார் கைரேகை கேட்டார்கள். மக்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி ஆண்டுகள் ஓடின. 2007இல் தண்டனை பெற்றவர், அங்கே வேலை பார்க்க வந்திருந்த நியூசிலாந்துச் சமையல்காரர். வாழ்க்கை இப்படி முடிக்கலாம். நீங்கள் முடித்தால் வாசகர் புத்தகத்தை எறிவார். ஊரின் உள்முடிச்சுகளையெல்லாம் அவிழ்க்கவைத்துவிட்டு, அவற்றோடு தொடர்பே இல்லாத ஆளை நீட்டுவது மோசடி.

தடயங்கள் இங்கே வேறு மாதிரி பேசும்

பிரான்சின் லியோன் நகரில் 1910இல் குற்ற ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோகார்ட், ஒவ்வொரு தொடர்பும் ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது என்ற கருத்துக்காக நினைக்கப்படுகிறவர். அந்தக் கருத்தை அப்படியே எடுத்துவந்து சிற்றூர்க் கதையில் வைத்தால் சிக்கல். அங்கே எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்வருகிறார்கள். இறந்தவரின் மேசையில் பக்கத்து வீட்டுக்காரரின் கைரேகை இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! செருப்புத் தடம், தலைமுடி, நூலிழை எல்லாவற்றுக்கும் இதே கதி. கைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்று பார்ப்பதும் பலன் தராது. ஊர் முழுவதற்கும் ஒரே கோபுரம்தான் இருக்கும்.

அப்படியானால் தடயமே வேண்டாமா? வேண்டும். ஒருவர் அங்கே வந்தார் என்று மட்டும் காட்டும் தடயத்தை விடுங்கள். சாதாரணமாக வருகிறவர் கை வைக்காத இடத்தில் கை வைத்தார் என்று காட்டும் தடயத்தைத் தேடுங்கள். மேசையின் மேற்புறத்துக் கைரேகை வீண். இழுப்பறையின் அடிப்புறத்துக் கைரேகை வேறு. இறந்தவரின் வீட்டுக்குத் தினமும் வருகிற செவிலி, ஒருநாள்கூட ஏறியிராத பரணில் தூசியைக் கலைத்திருந்தால் அது தடயம்.

இன்னொன்று: போலீசார் வருவதற்குள் அங்கே பாதி ஊர் நின்றிருக்கும். ஜெர்மனியின் பவேரியாவில் ஹின்டர்கைஃபெக் பண்ணையில் 1922 மார்ச் கடைசியில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். சில நாட்கள் ஆள்நடமாட்டம் இல்லாததால் ஏப்ரல் 4 அன்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள், உடல்களை நகர்த்தினார்கள், விசாரணை அதிகாரிகள் வருவதற்குள் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்துபோனார்கள். அந்தக் கொலைகள் இன்றுவரை துலங்கவில்லை. உங்கள் கதையிலும் முதலில் வந்து சேர்கிறவர்கள் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் கெடுக்கட்டும். ஒருவர் உடலுக்குப் போர்வை போர்த்துவார். இன்னொருவர் ரத்தத்தைக் கழுவிவிடுவார், குழந்தைகள் பார்க்கக் கூடாதே என்று. நல்லெண்ணத்தில் கழுவியவர் யார், காரணத்தோடு கழுவியவர் யார் என்ற கேள்வியிலேயே இரண்டு அத்தியாயங்கள் ஓடும்.

மரண நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையெழுத்துப் பிரதிகளில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். “இரவு 9.40க்கு உயிர் பிரிந்திருக்கிறது” என்று எந்த மருத்துவரும் உடலைப் பார்த்துச் சொல்ல மாட்டார். விறைப்பு பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தெரியத் தொடங்கும். உடல் முழுவதும் பரவச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பிறகு மெல்ல விலகும். வெப்பம் இதை விரைவுபடுத்தும், குளிர் தாமதப்படுத்தும். மருத்துவர் ஓர் இடைவெளியைத்தான் தருவார். அந்த இடைவெளியைச் சுருக்குவது ஊரின் அன்றாட வழக்கம்: கடைசிப் படகு எப்போது கரையேறியது, விளக்குகள் எப்போது அணைந்தன, யார் எப்போது கதவைத் தாழிடுவார். இங்கேதான் உங்களுக்கு ஒரு வாய்ப்பு. ஊரின் வழக்கத்தை வைத்துச் சுருக்கிய நேரம், ஊரின் வாய்வார்த்தையை நம்பிச் சுருக்கிய நேரம். அந்த வாய்வார்த்தையில் ஒன்று பொய் என்று பிற்பாதியில் தெரியவந்தால், அதுவரை தப்பித்திருந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் சந்தேக வளையத்துக்குள் வருவார்கள்.

விசாரணைக் காட்சிகள்

இந்த வகைக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத நால்வர் ஒரு சம்பவத்தைப் பார்த்தால் நான்கு விதமாகச் சொல்வார்கள். சட்டை நிறம்கூட ஒத்துவராது. ஒரே ஊர்க்காரர்கள் நால்வர் பார்த்தால் விடிவதற்குள் பேசித் தீர்த்திருப்பார்கள். நான் எழுதிய வாக்குமூலங்களில் ஒரே வாக்கியம், ஒரே சொல்வரிசையில், மூன்று சாட்சிகளின் வாயிலிருந்து வந்ததைக் கண்டிருக்கிறேன். “அவர் அன்று காலையிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்” என்பது போன்ற வாக்கியம். மூவரும் பொய்யர்கள் அல்ல. முதலில் ஒருவர் அந்தச் சொற்களைக் கண்டுபிடித்தார். மற்ற இருவருக்கும் அது தங்கள் நினைவாகவே ஆகிவிட்டது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதியபோது’ வேகம் என்ன என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ வேகம் என்ன என்று சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் கூடுதலான வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஒரு வினைச்சொல் இவ்வளவு செய்யும் என்றால், ஓர் இரவு முழுவதும் திண்ணையில் நடந்த பேச்சு என்னவெல்லாம் செய்யும்!

இதை உத்தியாக மாற்றுங்கள். உங்கள் துப்பறிபவர் ஒரே மாதிரி வாக்கியம் எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு அந்த வாக்கியம் யாரிடமிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போகட்டும். செவிலி படகோட்டியிடம் கேட்டார், படகோட்டி சங்கச் செயலாளரிடம் கேட்டார், செயலாளர் சொல்கிறார், “எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.” அந்த ‘எல்லோரும்’ எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே ஓர் ஆள் இருப்பார். வாசகருக்கும் நீங்கள் நியாயமாக நடந்துகொண்டதாக ஆகும். அந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் கண்ணெதிரே வைத்திருக்கிறீர்களே.

பேச்சு வலையில் சிக்காதவர்களைத் தேடுவதும் முக்கியம். படுக்கையில் கிடக்கும் நோயாளி, இரவு வேலைக்காரர், அண்மையில் திருமணமாகி வந்த மருமகள், ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரர், சிறுபிள்ளை. இவர்களின் நினைவு கலப்படமில்லாதது. ஆனால் சிறுபிள்ளையை எல்லா முடிச்சையும் அவிழ்க்கும் தெய்வமாக ஆக்கிவிடாதீர்கள். அது அலுத்துப்போன வித்தை.

கேள்வி கேட்கும் முறைக்கும் ஒரு வழி சொல்கிறேன். எட்வர்ட் கெய்சல்மன், ரொனால்ட் ஃபிஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களில் சாட்சிகளை விசாரிப்பதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். சம்பவம் நடந்த இடத்தையும் அப்போதைய மனநிலையையும் மனத்துக்குள் மீண்டும் கொண்டுவரச் சொல்வது, அற்பமாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது, கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்வது, இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்வது ஆகியவை அதன் அடிப்படைகள். கதைக்கு இது தங்கச் சுரங்கம். மனப்பாடம் செய்த கதையைத் தலைகீழாகச் சொல்வது கடினம்; உண்மையாகக் கண்டவருக்கோ தலைகீழாகச் சொல்லும்போது விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும்.

உரையாடலில் பொய்யை எப்படிக் காட்டுவது? வியர்வையாலும் நடுங்கும் விரல்களாலும் காட்டாதீர்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியால் காட்டுங்கள். கிழவியிடம் துப்பறிபவர் பேசும் காட்சியை இப்படி எழுதலாம்:

“அன்று இரவு கிடங்குப் பக்கம் யாராவது போனார்களா, அம்மா?”

“எனக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை, தம்பி.”

“காது நன்றாகக் கேட்கிறதே.”

“காதுக்கு என்ன, கேட்கும்.”

“என்ன கேட்டது?”

“கதவு திறந்த சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். அதில் சொல்ல என்ன இருக்கிறது?”

யாரும் போகவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. பொய் சொல்ல மனமில்லாத ஒருத்தி கண்ணைச் சாக்காக வைக்கிறாள். ‘தினமும் கேட்கிற’ என்ற இரண்டு சொற்களில், வந்தவர் பழகிய ஆள் என்பதும் வெளியே வந்துவிட்டது. அவள் ‘தம்பி’ என்று அழைத்ததையும் கவனியுங்கள். அதிகாரியிடம் பேசுவதாக அவள் நினைக்கவில்லை, அல்லது அப்படி நினைக்காததுபோல் காட்டிக்கொள்கிறாள். அடுத்த விசாரணையில் அவள் ‘ஐயா’ என்று மாறினால், இடையில் யாரோ வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒப்புக்கொள்கிறவரை நம்பாதீர்கள்

கதையின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் யாரோ ஒருவர் “நான்தான் செய்தேன்” என்று வருவது பழைய திருப்பம். யாரையோ காப்பாற்றத் தாய் வருவாள், அல்லது காதலன் வருவான். அதைவிடக் கசப்பான காரணங்கள் உண்டு. மிரண்டுபோனவர், களைத்துப்போனவர், கேட்பவர் விரும்புவதைச் சொல்லிப் பழகியவர் எல்லோரும் செய்யாததை ஒப்புக்கொள்வார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நார்பரோ, எண்டர்பி என்ற பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் புதிதாகக் கண்டறிந்த மரபணுச் சோதனையைச் செய்தபோது, இரண்டு கொலைகளையும் செய்தவர் ஒரே ஆள், ஆனால் அவர் இந்த இளைஞன் அல்ல என்று தெரிந்தது. மரபணுச் சோதனை முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியை. பிறகு 1987இல் சுற்றுவட்டார ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தமும் உமிழ்நீரும் எடுத்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்பவர் தனக்குப் பதிலாக, தன் பெயரில், ஒரு சக ஊழியரை அனுப்பியிருந்தார். அந்த ஊழியர் மதுக்கடையில் வாய்தவறிச் சொன்னதைக் கூட இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்ட ஒரு பெண், சில வாரங்கள் கழித்துப் போலீசுக்குச் சொன்னார். 1988 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

உலகத்தையே மாற்றிய அறிவியல் கையில் இருந்தும், முடிச்சு அவிழ்ந்தது ஒரு மேசையைச் சுற்றி நடந்த பேச்சில். என்னைக் கேட்டால் கதை எழுதுபவர் அசைபோட வேண்டியது அந்தச் சில வாரங்களைத்தான். கேட்டவர் ஏன் உடனே சொல்லவில்லை, ஏன் கடைசியில் சொன்னார்? மௌனப் பட்டியலின் மூன்றாவது விஷயம், ‘எது வாயைத் திறக்கும்’, இதற்காகத்தான். பயமுறுத்தி வாயைத் திறக்கவைப்பது மிகச் சோம்பேறித்தனமான வழி. கடன் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் உணரும் கணம், தன் மௌனத்தால் நிரபராதி ஒருவர் சிக்கப்போகிறார் என்று அறியும் கணம், காப்பாற்றிய ஆள் தன்னை அலட்சியப்படுத்திய கணம் ஆகியவை வலுவான வழிகள். கிழவியின் மகன்மீதே சந்தேகம் திரும்பட்டும். தன் மகனைக் கரைசேர்த்தவனின் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா, அந்த மகனையே இழப்பதா என்று அவள் முடிவெடுக்கட்டும்.

வெளிப்படுத்துவது எப்படி

எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கும் காட்சி இந்த வகைக்குப் பொருந்தாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு விடை முன்பே தெரியும் அல்லது தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபட்டிருப்பார்கள். ஒரே ஒருவரிடம் சொல்லவையுங்கள். அது கொலைகாரராக இருக்க வேண்டியதில்லை. கொலைகாரரின் மனைவியிடமோ, ஊர்த் தலைவரிடமோ, இறந்தவரின் மகளிடமோ சொல்லலாம். அவர் “தெரியும்” என்று பதில் சொன்னால், அந்த ஒரு சொல் எந்தக் கூடத்துக் காட்சியையும் விட அதிகமாகச் சுடும்.

துப்பறிபவரே வெல்ல வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ரோடு ஹில் வழக்கில் கான்ஸ்டன்ஸ் கென்ட் 1865இல், கொலை நடந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மதகுருவின் துணையோடு வந்து தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே வேலையை விட்டுப் போய்விட்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் சிறையில் இருந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய், நூறு வயதில் 1944இல் அவள் இறந்தாள். அவள் முழு உண்மையையும் சொன்னாளா, தனியாகத்தான் செய்தாளா என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. முதல் வரைவு முடிந்ததும் மௌனப் பட்டியலை மறுபடியும் எடுத்துவைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு குறிகளில் பொருந்துவதைப் போடுங்கள்: துப்பறிபவருக்குத் தெரிந்தது, அவர் அறிக்கையில் எழுதியது. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அவர் வெறும் இயந்திரம். ஊசி போட்ட செவிலியின் நோயாளி யார் என்பதை அறிக்கையில் எழுதினாரா? டீசல் திருட்டை எழுதினாரா? அந்த மாணவன் யாருடன் இருந்தான் என்பதை எழுதினாரா? விசாரணை முடிந்து அவர் படகேறும்போது எழுதாமல் விட்டவை எவை என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். பிறகு, அவர் ஒன்றை எழுதாமல் விட்டது ஊரில் யாருக்குத் தெரியும் என்பதையும் முடிவுசெய்யுங்கள். தெரிந்த அந்த ஆளுக்குத் துப்பறிபவர் இப்போது கடன்பட்டிருக்கிறார்; அவருடைய பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டு இரண்டாம் வரைவைத் தொடங்குங்கள்.